வெறும் வயிறும் தேகப்பயிற்சியும்

நாம் பாடசாலையிற் பயின்ற காலத்தில், ஆறாம் வகுப்பு முதல் எமக்குக் கற்பிக்கப்பட்ட பாடங்களுள் ஒன்றின் பெயர் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்பது. அப்பெயரைப் பற்றி நாம் ஒரு கணமேனும் சிந்தித்ததில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே இளைப்பாறுதற்கு அமைந்த பாடவேளை அது என்பதே எமது எண்ணம். பரீட்சை நெருங்கினால் கணித ஆசிரியர் அவ்வேளையைக் கடனாகக் கேட்பார். அக்கடன் திரும்பி வந்ததாக எமக்கு நினைவில்லை. சுகாதாரம் வேறு, உடற்கல்வி வேறு. இவ்விரண்டையும் ஒரு புத்தகத்துள் கட்டிவைத்தவர் யார், எதற்காக என்ற வினா எமது மனத்தில் எழுந்தது பாடப்புத்தகத்தினாலன்று. ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததனாலேயாம்.

அது 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலம். நாம் அப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன். மாணவத் தலைவருள் ஒருவர். எமது பாடசாலை மிஷனரிமார் நிறுவியது. காலைக் கூட்டத்தில் அன்றாட அப்பத்தைத் தரும்படி ஆண்டவரை வேண்டும் ஜெபம் முடிந்தபின்னர், முற்றத்தில் வகுப்பு வகுப்பாக நின்று பத்து நிமிடம் தேகப்பயிற்சி செய்தல் வழக்கம். ஒருநாள் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு சிறுவன் கைகளை உயர்த்தாது நிலத்திற் குந்திவிட்டான். சோம்பல் என்று எண்ணிய நாம் அவனை அதட்டி எழுப்பி, எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி மறுபடியும் செய்வித்தோம். ஆறோ ஏழோ எண்ணுவதற்குள் அவன் சரிந்தான். உடற்கல்வி ஆசிரியர் ஓடிவந்து தூக்கி, வேப்பமரத்து நிழலிற் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, "விடிய என்ன சாப்பிட்டனீ, தம்பி?" என்று கேட்டார். "நேற்றுப் பின்னேரம் பாண் சாப்பிட்டனான், சேர்" என்பது அவன் சொன்ன விடை. ஆசிரியர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சீனி கூடப் போட்ட தேநீர் ஒன்று வாங்கிவரும்படி மட்டும் அனுப்பினார். அத்தேநீரைக் கையிலேந்தி நடந்த தூரம் ஐம்பது யாருக்கு மேலிராது; ஆயினும் அந்நடை எமக்கு இன்னும் மறக்கவில்லை.

பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் சரித்திரம் பயிலத் தொடங்கியபோது, எமது முற்றத்தில் நிகழ்ந்தது புதியதொன்றன்று என்பதை அறிந்தோம். உலகின் மிகப் பெரிய சாம்ராச்சியத்தை ஆண்ட இங்கிலாந்திலேயே, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், பட்டினிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தேகப்பயிற்சி செய்வித்தார்கள். அது பயன் தராதென்பதை அந்நாடு கண்டுகொண்டது எவ்வாறு என்பதையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்குதல் நன்று. ஆங்கிலேயர் 'பொதுப் பாடசாலை' என்று பெயரிட்டழைப்பது ஈற்றன், ஹரோ, றக்பி முதலிய செல்வர் பாடசாலைகளை. பொதுமக்களின் பிள்ளைகள் அவற்றின் வாயிலையும் மிதித்ததில்லை. இப்பாடசாலைகளுள் ஒன்பதை ஆராய்ந்த கிளாறென்டன் கமிஷன், 1864 இல் வெளியிட்ட அறிக்கையில், கிரிக்கெட் மைதானமும் உதைபந்தாட்ட மைதானமும் மாணவரின் குணங்களை உருவாக்கும் இடங்கள் என்று மெச்சியிருந்தது. விளையாட்டு அங்கே கல்வியின் ஒரு பகுதி. தலைமை தாங்கப் பிறந்தோர் தலைமையைப் பழகும் களம். இலங்கையிலும் இந்தியாவிலும் பாடசாலை நிறுவிய ஆங்கிலேயர் இம்மரபையே உடன் கொண்டுவந்தனர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 'வடக்கின் பெருஞ்சமர்' 1904 இல் தொடங்கியதும் இம்மரபின் வழியேயாம். அந்த 1904 ஆம் ஆண்டு இச்சரித்திரத்தில் மீண்டும் வரும்.

ஏழைப் பிள்ளைகளின் கதை வேறு. 1870 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினால் இங்கிலாந்தில் ஊர்தோறும் பாடசாலைச் சபைகள் தோன்றின. 1880 இல் பாடசாலைக்குச் செல்வது கட்டாயமாயிற்று. 1891 இல் பெரும்பாலும் இலவசமுமாயிற்று. அதுவரை ஆலையிலும் தெருவிலும் நின்ற இலட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்குகளில் அமர்ந்தனர். அவர்களின் உடலுக்கு அரசாங்கம் அளித்தது யாது? மைதானமன்று, 'ட்ரில்' என்னும் இராணுவ அணிப்பயிற்சி. 1871 ஆம் ஆண்டுக் கல்வி விதிகள், ஆண்பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணிக்கு மேற்படாமல், வருடத்தில் இருபது வாரம் அணிப்பயிற்சி செய்யும் நேரத்தைப் பாடசாலை வரவாகக் கணக்கிட அனுமதித்தன. படையிலிருந்து வந்த சார்ஜண்டுமார் கற்பித்தனர். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், புல்வெளி வேண்டாம். கல்முற்றமும் உரத்த குரலும் போதும். அறுபது பிள்ளைகளை ஒரே சமயத்தில் அசையாமல் நிற்கச் செய்யலாம். செலவு குறைவு, அடக்கம் அதிகம். செல்வர் பிள்ளை ஓடவும், ஏழைப் பிள்ளை நிற்கவும் கற்றனர் எனின் அது மிகையன்று. எமது பாட்டன்மார் தேகப்பயிற்சியை 'ட்ரில்' என்றே அழைத்தனர். அச்சொல் எந்த முற்றத்திலிருந்து புறப்பட்டு வந்ததென்பது இப்பொழுது விளங்குகின்றது.

இவ்வறண்ட நிலத்திற் சிறிது ஈரம் சுவீடன் தேசத்திலிருந்து வந்தது. கவிஞரும் வாட்பயிற்சி ஆசிரியருமாகிய பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 இல் ஸ்ரொக்ஹோமில் ஒரு தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவி, உடற்கூற்று சாஸ்திரத்தின் அடிப்படையில் அப்பியாசங்களை வகுத்தார். இலண்டன் பாடசாலைச் சபையினர் அம்முறையில் தேர்ந்த கொன்கோர்டியா லொவ்விங் என்னும் பெண்மணியையும், அவருக்குப் பின் 1881 இல் மார்த்தினா பேர்க்மன் என்பவரையும் அழைத்துப் பெண்பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்குப் பொறுப்பாக்கினர். பேர்க்மன் அம்மையார் ஆயிரத்துக்கு அதிகமான ஆசிரியைகளைப் பயிற்றினார் என்பர். ஆயினும் சில ஆண்டுகளில் அவர் இப்பணியை விட்டுத் தாம் 1885 இல் ஹம்ஸ்ரெட்டில் நிறுவிய கல்லூரியிலேயே முழுக்கவனத்தையும் செலுத்தினார். பின்னர் 1895 இல் அது டாட்போட்டுக்கு மாறிற்று. அக்கல்லூரியிற் பயின்றோர் நடுத்தர வகுப்புப் பெண்கள். அவர்களுக்கு அது பெரும் விடுதலையாயிற்று. சேரிப் பிள்ளையோ சேரியிலேயே நின்றது. நல்ல முறையும் நல்ல ஆசிரியையும் வந்தபின்னரும் குறை எங்கேயோ எஞ்சியிருந்தது. அது யாதென யாரும் உரக்கச் சொல்லவில்லை.

சொல்லவைத்தது ஒரு யுத்தம். 1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் எனப்படும் ஒல்லாந்த வமிசக் குடியானவருக்கும் பிரித்தானியருக்கும் இடையே போர் மூண்டது. சில மாதங்களில் முடியுமென்று கருதிய அப்போர் 1902 வரை நீண்டது. (அப்போரிற் சிறைப்பட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் 1900 முதல் எமது தியத்தலாவையிற் கொண்டுவந்து வைக்கப்பட்டனர் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.) படைக்கு ஆள் சேர்க்கும் நிலையங்களில் அதிர்ச்சியான காட்சி தோன்றிற்று. ஆலை நகராகிய மான்செஸ்டரில் முன்வந்த ஏறக்குறையப் பதினோராயிரம் இளைஞருள் எண்ணாயிரம் பேர் தகுதியற்றோர் எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். குறுகிய மார்பு, வளைந்த கால், சொத்தைப் பல், மங்கிய கண். மேஜர் ஜெனரல் சேர் பிறெடறிக் மோறிஸ், சேர விரும்பும் ஐவருள் இருவரே இரண்டாண்டுக்குப் பின்னும் உருப்படியான போர்வீரராய் எஞ்சுகின்றனர் என்று 1902 இல் எழுதினார். இத்தொகைகளைப் பற்றி அக்காலத்திலேயே வாதம் எழுந்தது. படைக்கு வருவோர் பெரும்பாலும் வேலையற்ற வறியோராதலின், அவரை வைத்து முழுச் சாதியையும் அளத்தல் முறையன்று என்றனர் சிலர். அது நியாயமான வாதமே. ஆயினும் பீதி வாதத்தைக் கேட்பதில்லை. 'இனம் தேய்கின்றது' என்ற கூக்குரல் பத்திரிகைகளில் எழுந்தது.

அரசாங்கத்தின் முதல் மருந்து பழைய மருந்தேயாயிற்று: இன்னும் ட்ரில். 1902 இல் யுத்த இலாகாவும் கல்விச் சபையும் கூடி, பாடசாலைகளுக்கென ஒரு 'மாதிரிப் பயிற்சித் திட்டம்' வெளியிட்டன. படைவீரரைப் பயிற்றும் நூலைத் தழுவி, படையதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் அமைந்த திட்டம் அது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இருபது வயதுச் சிப்பாய்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதிலே பேதமில்லை. ஆசிரியர் சங்கத்தினர் வெகுண்டெழுந்தனர். முன்னாள் ஆசிரியரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய டாக்டர் மக்னமாரா முதலியோர், பாடசாலை படைமுகாமன்று எனக் கண்டித்தனர். எதிர்ப்புப் பலித்தது. அத்திட்டம் கைவிடப்பட்டு, 1904 இல் வேறொரு பாடத்திட்டம் சுவீடிஷ் முறையைத் தழுவி வெளிவந்தது. ஆசிரியர் ஒருமித்து நின்றால் யுத்த இலாகாவும் பின்வாங்கும் என்பதற்கு இஃதொரு சான்று. நம் நாட்டு ஆசிரியர் சங்கங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

நிற்க. இப்பொழுது சரித்திரத்தின் போக்கு மாறுகின்றது. பீதியினால் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழுக்கள், பீதியடைந்தோர் எதிர்பாராத விடையைக் கொண்டுவந்தன. முதலாவது, ஸ்கொத்லாந்தின் தேகப்பயிற்சி பற்றிய ராஜாங்கக் கமிஷன். அதன் அறிக்கை 1903 இல் வெளிவந்தது. தேகப்பயிற்சியைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதோடு நில்லாமல், அக்கமிஷன் எடின்பறோவில் 600 பிள்ளைகளையும் அபர்டீனில் 600 பிள்ளைகளையும் வைத்தியரைக் கொண்டு பரிசோதிப்பித்தது. எடின்பறோவிற் பரிசோதித்தவர் டாக்டர் லெஸ்லி மக்கென்சி. சேரிப் பாடசாலைக்கும் வசதியான பகுதிப் பாடசாலைக்கும் இடையே உயரத்திலும் நிறையிலும் தெரிந்த வேற்றுமை எவரையும் வெட்கப்படுத்துவதாயிருந்தது. பயிற்சியைப் பற்றிக் கேட்கப் போனவர் பசியையும் நோயையும் கண்டு திரும்பினர்.

இரண்டாவது, 1903 இல் நியமிக்கப்பட்டு 1904 ஜூலையில் அறிக்கை வெளியிட்ட 'தேகக்குன்றல்' பற்றிய இலாகாக்களிடைக் குழு. அல்மெறிக் பிற்ஸ்றோய் என்பவர் அதன் தலைவர். இக்குழுவின் முன் சாட்சியம் அளித்தோருள் எமது உள்ளத்தைக் கவர்ந்தவர், பாடசாலைப் பரிசோதகரும் வைத்தியருமாகிய டாக்டர் அல்பிறெட் ஐக்கோல்ஸ். இலண்டனில் லாம்பெத் பகுதியிலுள்ள ஜொஹானா வீதிப் பாடசாலையைப் பற்றி அவர் கூறினார்: அங்குள்ள பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், உடல்நிலை காரணமாக, பாடத்தில் முறையாகக் கவனம் செலுத்த இயலாதவர். இது சோம்பலன்று, பிறவிக் குறையுமன்று. வறியோர் பிள்ளையும் பிறக்கும்போது பெரும்பாலும் நலத்தோடேயே பிறக்கின்றது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கை புதிய தொடக்கம் ஒன்றை அளிக்கின்றது. அதன்பின் நேர்வதெல்லாம் உணவும் உறையுளும் செய்யும் வேலை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உணவு. இதுவே அவருடைய சாட்சியத்தின் சாரம்.

இச்சாட்சியத்தின் கனத்தை உணர்வதற்கு அக்காலத்தவர் நம்பிக்கையை நினைவு கொள்ளவேண்டும். வறியோர் இழிந்த வித்திலிருந்து வருவோர், அவர் பெருகுவதே சாதிக்குக் கேடு என்று கற்றோர் பலர் நம்பிய காலம் அது. அவர் நடுவே நின்று ஒரு வைத்தியர், 'வித்தில் குறையில்லை, நீர் ஊற்றாதது உங்கள் குறை' என்ற பொருள்படப் பேசினார். குழுவினரும் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்ந்தனர். இனம் படிப்படியாகத் தேய்கின்றது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றனர். ஆயின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான வைத்திய பரிசோதனை வேண்டும். பசித்த பிள்ளைக்கு உணவளிக்க வழிசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். தேகப்பயிற்சியை அவர்கள் ஒதுக்கவில்லை; அதற்குரிய இடத்தில் வைத்தனர். யோர்க் நகரிற் சொக்கிலேற்று உற்பத்தி செய்த குடும்பத்தவராகிய சீபோம் றவுண்றீ, அந்நகர மக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வறுமையில் வாழ்கின்றனர் என்று 1901 இலேயே கணக்கிட்டு நூல் எழுதியிருந்தார். ஆகவே சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

அறிக்கை ஒன்று, அமல் வேறொன்று. 1905 இல் சேர் ஜோன் கோர்ஸ்ட், மக்னமாரா, வாறிக் சீமாட்டி, ஒரு வைத்தியர் ஆகியோர் முன்னறிவித்தலின்றி அதே ஜொஹானா வீதிப் பாடசாலைக்குச் சென்றனர். பிள்ளைகளை வைத்தியர் பார்த்தார். உணவின்றி வந்தோரைத் தெரிந்தெடுத்து, உடனே அப்பகுதியின் வறியோர் பராமரிப்புச் சபையிடம் சென்று, 'இவர்களுக்கு இன்றே உணவளியுங்கள்' என்று கேட்டனர். இத்துணிகரச் செயல் பாராளுமன்றத்தை அசைத்தது. அவ்வருடமே வறியோர் சபை மூலம் உணவளிக்க ஒரு கட்டளை பிறந்தது. ஆனால் அது பலிக்கவில்லை. காரணம் எளிது. வறியோர் சபையின் உதவியைப் பெற்ற தகப்பன் 'பிச்சைக்காரன்' என்ற முத்திரை பெறுவான். வாக்குரிமையையும் இழக்க நேரும். மகனின் ஒரு கோப்பைக் கஞ்சிக்காகத் தகப்பன் தன் வாக்கை விற்பதா? மானமுள்ள வறியவர் ஒதுங்கி நின்றனர்.

இதற்கு எதிராக மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் ஒலித்தது. பாடசாலையில் உணவளித்தால் பெற்றோர் தம் கடமையை மறப்பர், குடும்பம் சிதையும், இன்று உணவு கேட்பவர் நாளை உடையும் கேட்பர் என்று தரும தாபனங்களைச் சேர்ந்த பெரியோர் வாதித்தனர். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நமது ஊரிலும் நல்ல பெரியோர் சிலர் இதையே சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் இதனைச் சொல்வோர் எல்லோரும் காலை ஆகாரம் உண்டபின்னரே சொல்கின்றனர் என்பதைக் கவனித்தல் தகும்.

இனி பிறட்போட் நகருக்குச் செல்வோம். யோர்க்ஷயரின் கம்பளி ஆலைகள் நிறைந்த இந்நகரமே இச்சரித்திரத்தின் உண்மையான அரங்கு. 1894 இல் அந்நகரப் பாடசாலைச் சபைக்கு மார்கிரட் மக்மிலன் என்னும் பெண்மணி, சுதந்திரத் தொழிற்கட்சியின் சார்பில் தெரிவானார். அவர் கண்ட பிள்ளைகளுட் பலர் குளிர்காலம் முழுவதற்குமாக உள்ளாடை தைத்து மூடப்பட்டவர்கள்; மாதக்கணக்கில் நீராடாதவர்கள். அம்மேனியை வைத்து என்ன தேகப்பயிற்சி என்று கேட்டார் அவர். அவருடைய முயற்சியால் 1897 இல் வப்பிங் வீதிப் பாடசாலையில் நீராடும் வசதி கட்டப்பட்டது. பாடசாலை வைத்தியர் ஜேம்ஸ் கேர் என்பவரோடு சேர்ந்து, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே பிள்ளைகளைப் பரிசோதிப்பித்தார். ஊசியாற் கிழியாத அழுக்குச் சட்டையைக் கிழித்துப் பார்த்தவர் அவர் என்பதே எமது எண்ணம். மற்றையோர் சட்டையின் மேலிருந்தே உடலைப் பற்றிப் பேசினர்.

1906 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், அதே பிறட்போட்டிலிருந்து பிறெட் ஜோவெற் என்னும் தொழிலாளர் தலைவர் பாராளுமன்றஞ் சென்றார். அவ்வருடமே, ரைசன் வில்சன் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர் கொணர்ந்த மசோதா, கல்வி (உணவளித்தல்) சட்டமாயிற்று. உள்ளூர்ச் சபைகள் விரும்பினால் உணவளிக்கலாம். நன்கொடை போதாதவிடத்து வரிப்பணத்தில் பவுணுக்கு அரைப்பென்னி வரை செலவிடலாம். இயன்ற பெற்றோர் பணஞ் செலுத்தவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, இவ்வுணவை ஏற்ற தகப்பன் வாக்குரிமையை இழக்கமாட்டான் என்று அச்சட்டத்தில் எழுதப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை வீட்டாரின் மானம் காக்கப்பட்டது!

பிறட்போட் உடனே செயலில் இறங்கிற்று. அந்நகரப் பாடசாலை வைத்தியர் டாக்டர் றல்ப் குறோலி, 1907 ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு பரிசோதனை நடத்தினார். ஏழைப் பிள்ளைகள் நாற்பது பேரைத் தெரிந்து, காலையும் மதியமும் பாடசாலையில் உணவளித்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பால், வெல்லப்பாகு, பாண். மதியம் பருப்பு, கிழங்கு, இறைச்சி முதலியன மாறி மாறி. முதல் நாட்காலையில் சில பிள்ளைகள் கஞ்சியைத் தொடவும் மறுத்தனர், பழகாத உணவு. சில நாட்களில் எல்லோரும் உண்டனர். மேசைமேல் விரிப்பு விரிக்கப்பட்டது, மலர் வைக்கப்பட்டது. மூத்த மாணவிகள் பரிமாறினர். உணவை வீசி எறியாமல் விருந்தினர்க்கு இடுவதுபோல் இடவேண்டும் என்பது அவ்வைத்தியரின் கொள்கை. அதுவும் சுகாதாரத்தின் ஒரு பகுதி என்றே நாமும் கருதுகின்றோம்.

வாரந்தோறும் அந்நாற்பது பேரும் நிறுக்கப்பட்டனர். உணவு பெறாத வேறு பிள்ளைகளும் ஒப்பீட்டுக்காக நிறுக்கப்பட்டனர். உணவுண்டோரின் நிறைக்கோடு மற்றையோரினதை விட விரைந்து ஏறிற்று. அதுவன்று அதிசயம். நடுவில் பெந்தெகொஸ்தே விடுமுறை வந்தது, பாடசாலை மூடப்பட்டது, உணவும் நின்றது. அவ்வொரு வாரத்தில் அக்கோடு செங்குத்தாய்க் கீழே விழுந்தது. பாடசாலை திறந்ததும் மறுபடியும் ஏறிற்று. டாக்டர் குறோலி வரைந்த அப்படத்தை ஒரு நூலிற் கண்டபோது எமக்கு எமது முற்றமே நினைவுக்கு வந்தது. எண்ணிக்கை சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையின் உடலை வளர்க்க நாம் முயன்றோம். அங்கே ஒரு தராசும் ஒரு கோப்பைக் கஞ்சியும் பேசின.

அவ்வருடம் ஒக்டோபரில் கிறீன் லேன் பாடசாலையில் மத்திய சமையற்கூடம் திறக்கப்பட்டு, அங்கிருந்து பல பாடசாலைகளுக்கு உணவு அனுப்பப்பட்டது.

வைத்திய பரிசோதனை வந்த வரலாறு சுவையானது. கல்விச் சபையின் நிரந்தரச் செயலாளராயிருந்தவர் சேர் ரொபேட் மொறன்ட். இளமையிற் சீயம் தேசத்து அரச குடும்பத்துக்கு ஆசிரியராயிருந்தவர். பிள்ளைகளுக்கு உணவளிப்பதைப் பற்றிய சண்டையில் நாடு இரண்டுபட்டிருந்தபோது, அவர் 1907 ஆம் ஆண்டின் கல்வி நிருவாகச் சட்டத்துள், சலிப்பூட்டும் பல சில்லறைப் பிரிவுகளுக்கு நடுவே, எல்லாப் பிள்ளைகளையும் வைத்தியர் பரிசோதிக்கவேண்டும் என்ற ஒரு பிரிவையும் சேர்த்துவிட்டார். பெரிய ஆரவாரமின்றி அது நிறைவேறிற்று. அரசாங்க உத்தியோகத்தர் தந்திரம் செய்வது எப்பொழுதும் தீமைக்கே என்று சொல்லமுடியாது போலும்! 1908 முதல் பரிசோதனை தொடங்கிற்று. டாக்டர் ஜோர்ஜ் நியூமன் அதற்குத் தலைமை வைத்தியரானார்.

இந்த நியூமன் கையிலேதான் எமது பாடப்புத்தகத்தின் பெயர் பிறந்தது என்று சொல்லத் தோன்றுகின்றது. தேகப்பயிற்சி அவருடைய வைத்திய இலாகாவின் பொறுப்பாயிற்று. யுத்த இலாகாவின் நிழல் விலகிற்று. 1909 இல் வெளிவந்த புதிய பாடத்திட்டத்தில் வரிசை அப்பியாசங்களோடு விளையாட்டுக்கும் நடனத்துக்கும் இடமளிக்கப்பட்டது. பிள்ளைகள் மகிழ்வுடன் செய்தல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சார்ஜண்டின் முற்றத்துக்கு வைத்தியர் வந்தார். வைத்தியரோடு மகிழ்ச்சியும் வந்தது.

குறைகள் இல்லாமலில்லை. நோயைக் கண்டுபிடித்த சட்டம் நோய்க்கு மருந்து கொடுக்கவில்லை. பல்லில் சொத்தை, காதில் சீழ், கண்ணில் மங்கல் என்று எழுதிய காகிதத்தைப் பெற்ற தாய், வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றி அதை மடித்து வைத்தாள். மார்கிரட் மக்மிலனும் அவர் தமக்கை றேச்சலும் இதனைக் கண்டு, இலண்டனின் பௌ பகுதியில் 1908 இலும், டெப்ட்போட்டில் 1910 இலும் பிள்ளைகளுக்கெனச் சிகிச்சை நிலையங்கள் திறந்தனர். அரசாங்கத்தின் உதவிப்பணம் 1912 இலேயே சிகிச்சைக்குக் கிடைத்தது. உணவுச் சட்டமும் சபைகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பல நகரங்கள் வாளாவிருந்தன. ஸ்கொத்லாந்து அச்சட்டத்திலிருந்து பிரபுக்கள் சபையினால் விலக்கப்பட்டு, 1908 வரை காத்திருந்தது.

இச்சீர்திருத்தங்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்று சில நூல்கள் கூறும். நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அந்நாடு தன் ஏழைப் பிள்ளையின் மார்பை அளந்தது, அம்மார்பு துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கத் தகுமோ என்று பார்ப்பதற்காகவே. போயர்கள் ஆறு கிழமையில் தோற்றிருந்தால், ஜொஹானா வீதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்க இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ! ஆயினும் நோக்கம் தீயதாயிருந்தும் பயன் நல்லதாய் முடிந்ததற்குக் காரணம் உண்டு. சேனாதிபதிகள் கேட்ட கேள்விக்கு விடை சொன்னோர் சேனாதிபதிகளல்லர். ஆசிரியர், வைத்தியர், தொழிலாளர் பிரதிநிதிகள், பெண்கள். 'எப்படிப் பயிற்றுவது?' என்ற கேள்வியை அவர்கள் 'எதை உண்டான்?' என்ற கேள்வியாக மாற்றினர். எமது உடற்கல்வி ஆசிரியரும் வேப்பமரத்தடியில் இதையே கேட்டார். எம் வாயில் அக்கேள்வி வரவில்லை.

வருடாந்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில், அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் முடிந்தபின், 'சுவர் இருந்தாற்றான் சித்திரம் வரையலாம்' என்று பேசாத பிரதம விருந்தினரை நாம் கண்டதில்லை. சுவர் எதனாற் கட்டப்படுகின்றது என்று அவர்களுள் எவரும் சொல்லக் கேட்டதுமில்லை. வெயிலில் அணிவகுத்து நிற்கும் சிறுவர்களுள் எத்தனை பேர் உண்டு வந்தனர் என்பதும் பரிசுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

முதலாம் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டில், 1917 நவம்பர் முதல், பிரித்தானிய அரசாங்கம் ஏறக்குறைய இருபத்தைந்து இலட்சம் ஆண்களை வைத்திய பரிசோதனை செய்தது. ஒன்பது பேரில் மூவரே பூரண சுகமுடையோர், இருவர் குறையுடையோர், மூவர் கடும் உழைப்புக்கு இயலாதோர், ஒருவர் தீரா நோயாளர் என்று அதன் அறிக்கை கூறிற்று. இவர்களுட் பெரும்பாலோர் 1906 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரே பாடசாலையை விட்டவர்கள். ட்ரில் மட்டும் பெற்ற தலைமுறையினர்.

அவர்களின் தம்பிமாருக்கு வந்த சட்டம் ஒன்றைச் சொல்லி நிறுத்துகின்றோம். டாக்டர் குறோலியின் படத்திற் கோடு விழுந்த அந்த விடுமுறை வாரம் பலரை உறங்கவிடவில்லை. பழைய சட்டத்தின்படி, பாடசாலை மூடிய நாளில் வரிப்பணத்தில் உணவளிக்க இடமில்லை. பிள்ளையின் வயிற்றுக்கோ விடுமுறை இல்லை. இதனை மாற்றும்படி ஜோவெற்றும் அவர் தோழரும் பல ஆண்டுகள் பாராளுமன்றத்திற் கேட்டுக்கொண்டேயிருந்தனர். மசோதாக்கள் வந்தன, தள்ளுண்டன. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. அதே மாதத்தில், தகப்பன்மார் படைக்குச் செல்லவேண்டியிருந்த அவசரத்தில், அச்சட்டம் விரைந்து நிறைவேறிற்று. அரைப்பென்னி எல்லை நீங்கிற்று. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் உட்பட எந்நாளிலும் பிள்ளைகளுக்கு உணவளிக்கலாமென்றாயிற்று. பிறட்போட்டின் நாற்பது பிள்ளைகள் அவ்வொரு வாரத்தில் நிறை குறைந்து ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.